கை ஒழியல என்றால் மறுத்ததாகுமா

ரேணுகாம்பாள் துணை
ஆரணி

அன்பு மகள் லாவண்யாவுக்கு அம்மா எழுதுவது, நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் ஆஸ்பத்திரிக்கும் ரூமுக்கும் அலைகிற நீயும் சுகம்தானே. வந்தவாசியில் உன் தங்கை பானுப்ரியாவுக்கு வளைகாப்பு முடிந்தது, வந்தவர்கள் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள், நான் சோறு போட எழுந்து போய்விட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுதுகொண்டு வைத்துவிடுவாய், அதனால்தான் வக்கீல் கொடுத்த காகிதங்களோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

உன் புருஷன் ஹேமநாத் விவாகரத்து வாங்கியாயிற்று என்று போன வாரம் ஆள்விட்டுச் சொன்னானே, உனக்கே தெரியாமல் அது எப்படி நடந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. நம் வக்கீல் ஜெயப்ரியா கோர்ட்டில் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். உனக்கு வந்த சம்மனை நான் வாங்க மறுத்துவிட்டேனாம், கதவில் ஒட்டிவிட்டுப் போனார்களாம்! கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனி மாதம் ஒரு காலையில் தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தோம், ஒரு முனையில் நான், மறுமுனையில் அப்பா. பட்டு இழை, கையை விட்டால் மொத்தமும் சிக்காகிவிடும், நீ பார்க்காததா. பையோடு ஒரு ஆள் வந்து, லாவண்யா யாருங்க, ஒரு பேப்பர் கீது, கையெழுத்து போடுங்க என்றான். அவ வெளிநாட்ல கீறா, நான் பாவு புடிச்சிகினு கீறேன், கை ஒழியல, கொஞ்சம் பொறுத்து வாங்க என்றேன். போனவன் வரவே இல்லை. கதவில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நம் ஊரில் கை ஒழியல என்றால் மாட்டேன் என்றா அர்த்தம்?

அந்த ஆளையாவது விடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னோடு வீடியோவில் சிரித்துப் பேசியவன், உன் மஸ்கட் விலாசம் தெரிந்தும் நம் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறான் பார், அவன் நாசமாய்ப் போக. கோர்ட்டில் உன் பேரை மூன்று முறை கூப்பிட்டார்களாம். ஆள் வரவில்லை என்று எழுதிக்கொண்டு அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நீ அவனை விட்டு ஓடிப்போனாயாம். நீ நைட் டூட்டி பார்த்து அனுப்பியதில் கட்டின சேத்துப்பட்டு ரோட்டு வீடு, பத்திரத்தில் உன் பேரும் இருக்கிற வீடு, முழுக்க அவன் சம்பாத்தியமாம். ஒருத்தியை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம், நீயே சொல்.

இதற்கு நீ, போனா போவட்டும்மா, அவனும் வேணாம் வூடும் வேணாம் என்கிறாய். அவன்மேல் வந்ததைவிட உன்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. அவன் வேண்டாம் என்றால் சரி, தலை முழுகிவிடு. ஆனால் அதை நீ உன் வாயால் சொல்ல வேண்டும். ஓடிப்போனவள் என்று எழுதியதை அப்படியே விட்டுவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு நம் தெருவுக்கு வருவாய்? தீர்ப்பை ரத்து செய்து இரண்டு பக்கமும் விசாரிக்கச் சொல்லி மனு போடலாம், அதற்கும் கெடு கீது, ஜல்தியா அனுப்பச் சொல்லுங்க என்கிறாள் ஜெயப்ரியா. நீ வர முடியாவிட்டால் அங்கிருந்தே வீடியோவில் பேச அனுமதி கேட்கலாமாம். சம்மன் வந்த கதையைச் சொல்ல நான் கூண்டேறுகிறேன், அப்பா தடுத்தாலும் ஏறுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, ரேணுகாம்பாள் உன்னைக் கைவிட மாட்டாள். பென்சிலில் புள்ளி வைத்த இடங்களில் கையெழுத்துப் போட்டு, தூதரகத்தில் முத்திரை வாங்கி உடனே அனுப்பு. டூட்டி, கை ஒழியல என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. தோற்றாலும் பேசிவிட்டுத் தோற்போம். அடுத்த முறை கோர்ட்டில் உன் பேரைக் கூப்பிடும்போது, முதல் தடவையிலேயே இருக்கிறேன் என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
கன்னியம்மாள்