விட்டுத் தொலைக்கத் தெரியாதவர்

ஜூன் 3, செவ்வாய்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "மாமா, கொஞ்சம் அழகா மாத்தி எழுதட்டுமா?" என்றாள். வேண்டாம், வாயில் வருவதை எழுது என்றேன்.

காலையில் என் மனைவி என்மேல் தம்ளரை எறிந்தாள். "ஐயா, யாரு நீங்க? எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம், வெளிய போங்க." அந்த வீட்டுக்காரர் நான்தான்.

மகன் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்பா, அம்மா உங்களப் பாத்துப் பயப்படுறாங்க. டவுன்ல ஒரு முதியோர் இல்லம் இருக்கு, அங்க நர்ஸ் இருக்காங்க. திங்கட்கிழமை அம்மாவக் கொண்டுபோய் விட்டுடலாம்."

ஒரு தடவை அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டால்? என்று கேட்டேன்.

"கண்டுக்கிட்டா கட்டின பெட்டிய நானே பிரிக்கிறேன்ப்பா."

ஜூன் 5, வியாழன்

மத்தியானம் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். அட்டையில் இருக்கும் சிலுவை தலைகீழாக நின்றது. கண் புத்தகத்தில் இல்லை. என் தோளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம். குரலோ கல்யாணமான புதிதில் கேட்ட குரல். இந்த வயதுத் தொண்டையிலிருந்து அது எப்படி வரும்?

அந்தக் காலத்திலிருந்து அவள் படிப்பாள், நான் கேட்பேன். முழு வேதமும் காதுவழியாக எனக்குள் இறங்கியிருக்கிறது. எத்தனையோ ராஜாக்கள், எத்தனையோ சண்டைகள்; அடியில் ஓடுவது ஒரே சங்கதி. ஜனங்கள் விட்டு ஓடுவார்கள், கர்த்தரோ அவர்கள் பின்னாலேயே போவார். ஓடிப்போன மனைவியை மறுபடி வீட்டுக்கு அழைத்துக்கொள் என்று ஒரு தீர்க்கதரிசியிடம் சொல்கிறார். சொத்தை அழித்துவிட்டு வருகிற மகனைத் தூரத்தில் பார்த்து ஓடுகிறான் ஒரு தகப்பன். விட்டுத் தொலைக்கத் தெரியாதவர். "உங்கள மாதிரியேதான்" என்று அவள் என்னைக் கேலி செய்வாள்.

இன்று படித்தது எதுவும் அதில் இல்லை. கர்த்தர் அவளுக்குக் குடை பிடித்தாராம், அவருடைய முதுகு நனைந்ததாம். எந்த ஆகமம் இது? ஆனால் அந்த மழை எனக்குத் தெரியும். மாசமாக இருந்தவளை பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டி வந்தேன். நனைந்தது என் முதுகு.

ஜூன் 6, வெள்ளி

இன்றும் சுவரைப் பார்த்தாள், சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு.

ஜூன் 8, ஞாயிறு

இதை வாயால் சொல்லிவிடலாம். நல்லவேளை, எழுதுவது நானில்லை.

எங்கள் மூத்த பிள்ளை கைக்குழந்தையிலேயே ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அங்கேயே சலவைக்கூடத்தில்தான் எனக்கு வேலை. அன்றும் ஞாயிறு, கூடம் பூட்டியிருந்தது, சாவி என்னிடம். அவன் சட்டையை மற்ற துணிகளோடு மெஷினில் போட மனம் ஒப்பவில்லை. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கையால் அலசினேன். வார்டுக்குப் போகும் வெந்நீர்க் குழாயோடு சேர்த்துப் பிடித்துக் காயவைத்தேன். அதைப் போட்டுத்தான் அடக்கம் செய்தோம். நர்ஸம்மா துவைத்துக் கொடுத்தார் என்றுதான் என் மனைவியிடம் சொன்னேன். யாரிடமும் வேறு மாதிரி சொன்னதில்லை.

இன்று மத்தியானம் அவள் படிக்கிறாள்: "கர்த்தர் கதவைத் தாழிட்டுப் பிள்ளையின் சட்டையை அலசினார். ஒரு பொத்தான் கழன்று தண்ணீர் போகும் துளைக்குள் விழுந்தது. விரலை விட்டுத் தேடினார். அது வரவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதார்."

பொத்தான் விஷயம் எனக்கும் அந்தத் துளைக்கும்தான் தெரியும். இருந்த நினைவெல்லாம் போனவள் அவள். அவளிடம் இல்லவே இல்லாத நினைவு எங்கிருந்து வந்தது? யார் சொன்னது?

சாயங்காலம் சர்ச்சில் ஜெபம் நடத்தும் உபதேசியாரிடம் கேட்டேன். "பெரியவரே, அன்னிக்கு அங்க நீங்க தனியா இருந்ததா நினைக்கிறீங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்தவர்போல என் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தார்.

மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதும்மா.

ஜூன் 9, திங்கள்

பெட்டி வாசலில். மகன் காரை எடுத்துவரப் போனான். இன்று அவள் வேதத்தைப் பிரிக்கவே இல்லை. மடியிலிருந்து வேதம் வழுக்கி விழுந்தது. எடுத்து, அவள் பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்தேன். வரிமேல் விரலை ஓட்டினேன். என்ன படிப்பது? விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

"அப்புறம் ஒருத்தி தொலைந்துபோனாள். கர்த்தர் துளைக்குள் கையை விட்டார். எட்டவில்லை. ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை. இன்னும் எடுக்கவில்லை."

என் கையிலிருந்த புத்தகத்தை அவள் மெல்லத் திருப்பினாள். சிலுவை நேராக நின்றது.

"ஏங்க, தலைகீழா பிடிச்சிருக்கீங்க."

சாவியோடு உள்ளே வந்த மகன் அப்படியே நின்றுவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "அவரு எத்தனை நேரமா நிக்கிறாரு. ஒரு நாற்காலி எடுத்துப் போடக் கூடாதா?"

போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் மறுபடி, "ஐயா, யாரு நீங்க?" என்றாள். தம்ளரை எறியவில்லை. பெட்டியை மகனே பிரித்து மேலே வைத்துவிட்டான்.

நாற்காலி சுவரோரம் இருக்கிறது. மருமகளிடம் சொன்னேன்: கூட்டும்போது நீ அதை நகர்த்தாமல், ஒதுங்கிச் சுற்றிக் கூட்டினாயே, அதையும் எழுது.