கூறைச் சேலையின் மேல் விழுந்த மருந்து

என் பாவாயி அக்காவுக்கு, நீ போன திசையைப் பார்த்துப் பார்த்து இன்னும் கண் சலிக்காத தங்கை எழுதுவது.

நேற்று நம் ஊர்மேல் ஒரு விமானம் போயிற்று. ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தவள் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினேன். நூல் அறுந்து சிக்கிப்போக, என் வீட்டுக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஆகாசத்துல உனக்கு அப்படி யாரு சொந்தம் இருக்கறாங்க?" என்று கேட்டார். இருக்கிறாளே என்று வாய்வரை வந்தது. சொன்னால் அழுதுவிடுவேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

இங்கே சேதி ஒன்று உண்டு, கேள். வடக்கே கடற்கரைப் பக்கம் புயல் அடித்து ஊர் ஊராகப் போய்விட்டதாம். பணக்காரர்களையும் தபாலையும் ஏற்றிப் பறக்கிற கம்பெனிக்காரர்கள், இப்போது ஆட்களை இறக்கிவிட்டு அரிசியும் துணியும் மருந்தும் ஏற்றிப் போகிறார்களாம், அதுவும் கூலி வாங்காமல். நம் தெருவிலும் வீட்டுக்கு ஒரு வேட்டி கேட்டார்கள். கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு நூலுக்கு நாயாய் அலைகிற காலம் இது. ஆனாலும் ஒரு வீட்டுக்காரரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருகாலத்தில் நமக்கும் அப்படித்தானே வந்தது?

அந்த வெள்ளத்தை மறக்க முடியுமா அக்கா? மேட்டூரில் அணை கட்டியாகிவிட்டது, இனிக் குமாரபாளையத்துக்குப் பயமில்லை என்று எல்லாரும் மார்தட்டிக்கொண்டிருந்தோம். பவானி ஆற்றை யார் கட்டினார்கள்? அது பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்து, எதிர்க்கரையில் காவிரியோடு சேர்ந்துகொண்டு, நம் தெருவுக்குள் ஏறிவிட்டது. தறிக்குழிகளெல்லாம் கிணறாகிப்போயின. தண்ணீர் வடிந்தபோது ரோடும் இல்லை, ரயிலும் இல்லை. பின்னாலேயே வாந்திபேதி வந்தது. பால்குடி மறக்காத பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு நான் படுத்தேன்.

அதற்கப்புறம் நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. எல்லாம் இவர் சொன்னதும் பக்கத்து வீட்டு ராமாயி சொன்னதும்தான். ஊரில் மாட்டிக்கொண்டிருந்த டாக்டரிடம் மருந்து தீர்ந்துவிட்டதாம். "மருந்து வந்தாத்தான் இந்தப் பொண்ணு பொழைக்கும்" என்று உன்னிடமே சொன்னாராம். தந்திக் கம்பி மட்டும் அறுந்துபோகாமல் இருந்ததால் தபாலாபீசுக்கு ஒரு சேதி வந்ததாம். தபால் கொண்டுபோகிற விமானம் மருந்துப் பெட்டியோடு வரும், வெட்டவெளியில் ஒரு வெள்ளைத் துணி விரித்து வையுங்கள், அதைப் பார்த்துப் போடுவார்கள் என்று.

எந்தப் புண்ணியவான் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதினானோ! வேட்டி நெய்து பிழைக்கிற ஊரில் வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னால்? அன்றைக்குத்தான் வெயில் வந்திருந்தது. வெள்ளத்தில் நனைந்த நூல், பாவு, தறியிலிருந்து அறுத்த வேட்டி எல்லாம் கூரைமேல், வேலிமேல், ஆற்றங்கரையில் காய்ந்துகொண்டிருந்தன. போதாக்குறைக்கு, வெள்ளைத் துணியைப் பார்த்துத்தான் போடுவார்களாம் என்று கேள்விப்பட்டதும் அவரவர் வாசலிலும் இருக்கிற மிச்ச வேட்டியை எடுத்து விரித்துவிட்டார்களாம். நம் வாசலிலேயே விழட்டுமே என்று ஒரு நப்பாசை.

விமானம் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஊரே வெள்ளையாகத்தானே தெரிந்திருக்கும்? கடைசியில் ஆற்றங்கரையில் காய்ந்த வேட்டிகளின்மேல் பெட்டியைப் போட, அது சரிவில் உருண்டு காவிரியில் விழுந்து போயே போய்விட்டது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றதாம். நாளைக்கு இன்னொரு தடவை வருவோம், அதோடு சரி, வேறு ஊர்களும் இருக்கின்றன என்று சாயங்காலம் தந்தி வந்தது.

காய்கிறதையெல்லாம் சுருட்டி உள்ளே வையுங்கள் என்றார் தபாலாபீஸ்காரர். யார் கேட்பார்கள்? கஞ்சி போட்ட பாவு நூலை ஈரத்தோடு சுருட்டினால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு அத்தனையும் பாழ். பிழைத்துக் கிடந்தால் சாப்பிட வேண்டாமா என்று எல்லாரும் கத்தினார்களாம். அப்போதுதான் நீ என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாயாம்.

"ஏனுங்க, ஒண்ணையும் சுருட்ட வேண்டாம். செவப்புச் சேலை விரிக்கறோம்னு தந்தி குடுங்க."

"செவப்புக்கு எங்கம்மா போறது? கட்டிப் பழசானதெல்லாம் சேத்து நெறமாக் கெடக்குது" என்றாராம் தபாலாபீஸ்காரர்.

"எங் கூறை பெட்டியில இருக்குதுங்க."

ஊர்ப் பெரியதனக்காரர் எழுந்து, "தாலி அறுத்தவ கூறையை நடு ஊருல விரிக்கறதா? ஊருக்கு ஆகுமா அது?" என்றாராம். மற்றப் பெண்களிடமும் கூறைச் சேலை இருந்தது. ஆனால் தாலி கட்டியபோது உடுத்தியதை மண்ணில் போட்டுப் பெட்டியால் அடி வாங்க வைத்தால் புருஷனுக்கு ஆகாதே என்று ஒருத்தியும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் பயந்திருப்பேன்.

நீ என்ன சொன்னாய் என்பதை மட்டும் ராமாயி ஒரு வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறாள். "எனக்கு இனிப் போறதுக்கு என்னங்க இருக்குது? போறதெல்லாம் போயிருச்சு. இருக்கறவ ஒருத்தி உள்ள கெடக்கறா. அவளையாச்சும் உடுங்க."

விடிந்ததும் மாரியம்மன் கோயில் திடலில் சேலையை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்திருந்தாயாம். விமானம் தாழப் பறந்து வந்து, மெத்தையில் சுற்றிய பெட்டிகளைச் சேலைமேலேயே போட்டது. ஒரு பெட்டி சேலையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் பதிந்ததாம். ஓட்டி வந்தவர் கையை ஆட்டிவிட்டுப் போனாராம். நீயும் கை ஆட்டினாயா அக்கா? சிரித்தாயா? கிழிந்த சேலையை எடுத்து மடித்தபோது உன் முகம் எப்படி இருந்தது? இவரிடம் கேட்டால், "மருந்தைப் பாப்பனா, அவ மூஞ்சியப் பாப்பனா?" என்கிறார். விமானத்தின் இறக்கை என்ன நிறம் என்றுகூடச் சொல்கிறார்கள். உன் முகத்தை ஒருவரும் பார்த்து வைக்கவில்லை.

நான் கண் விழித்தபோது நீ வழக்கமான வெள்ளைச் சேலையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "முழிச்சுட்டியா அம்மிணி? உம் பையன் பாலுன்னு நெனச்சு என் தோளையே சப்பித் தீத்துட்டான், வாங்கிக்க" என்றாய். அவ்வளவுதான். நடந்ததில் ஒன்றைக்கூட நீ என்னிடம் சொல்லவில்லை. நாலு பேர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த கோடையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஊரே படுத்தால் விமானம் வரும். ஒருத்தி படுத்தால் யாருக்குத் தந்தி கொடுப்பது? உன் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, உன்னை மாதிரி எழுந்து போய் யாரையும் உலுக்க எனக்குத் தெரியவில்லை. நீ போய்விட்டாய். அக்கா, அக்கா என்று கூப்பிட இந்த ஊரில் எனக்கு ஆளே இல்லாமல் போயிற்று.

முந்தாநாள் கோயில் திடலில் வேட்டிகளைக் கட்டுக் கட்டினார்கள். பெரியதனக்காரருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. சின்னஞ்சிறுசுகளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்துக் கதையைச் சொன்னார். "ஊரே சேர்ந்து செவப்புச் சேலை விரிச்சோம், ஏரோப்பிளேன் எறங்குன மாதிரி வந்துச்சு" என்றார். ஆம்பிளைகள் கூட்டத்தில் நான் வாய் திறந்து நீ பார்த்திருக்க மாட்டாய்.

"ஊரு விரிக்கலீங்க. எங்க பாவாயி அக்கா விரிச்சா."

இவர் என்னை முறைத்தார். பெரியவர் என் குரல் வந்த பக்கம் திரும்பி, "ஆமா சாமி. பாவாயிதான். வேண்டாம்னு தடுத்தவன் நானு" என்றார். பிறகு, "நீயே சொல்லு சாமி, கேக்கட்டும்" என்று தடியை ஊன்றி உட்கார்ந்துகொண்டார்.

சொன்னேன் அக்கா. நீ கூட்டத்துக்குள் போனது, வெயிலில் உட்கார்ந்தது, எல்லாம். விமானக்காரர் கை ஆட்டியதும் நீ எழுந்து நின்று பெரிதாகச் சிரித்தாய் என்று சொன்னேன். அப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது.

இனிக் கேட்பவர்களுக்கெல்லாம், கேட்காதவர்களுக்கும், உன் பேரைச் சொல்லித்தான் அந்தக் கதையைத் தொடங்குவேன். இது சத்தியம். சொல்லிச் சொல்லி, நான் கண்மூடிக் கிடந்தபோது நீ பட்ட பாட்டை ஒருநாள் என் கண்ணாலேயே பார்த்துவிடுவேன்.

உன் உடன்பிறப்பு, நீ பிழைக்க வைத்த
நல்லம்மா