ஒப்பந்தத்தின் ஒன்பதாவது வரி

ஜனவரி 9, வெள்ளி

பனி. பத்து மணிக்குப் பிறகுதான் எதிர் மலை தெரிந்தது. நாவலப்பிட்டி தபாலகத்தில் கூட்டமில்லை. எங்கள் வீட்டு மேல்மாடி வேலைக்கான ஒப்பந்தத்தைக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதி முடித்தேன். கொன்ட்ராக்டர் நஸீர் பாஸ், கடுகண்ணாவைக்காரர்; கொத்து வேலைத் தலைவரை இங்கே பாஸ் என்போம். ஒப்பந்தத் தாளில் போட்டது போலவே இந்த டயரியிலும் இனி ந.பா.

எழுதியவை:
– இரண்டு அறை, ஒரு குளியலறை, மேலே ஸ்லாப். வரைபடத்தில் உள்ளபடி.
– கம்பியின் தடிப்பு, சீமெந்துக் கலவை.
– பணம் நான்கு தவணை. முடிந்த வேலைக்கு மட்டும்.
– மே மழைக்கு முன் ஸ்லாப்.
– இன்னும் நான்கு சில்லறை விஷயம்.
– ஒன்பதாவது: வேலையாட்களுக்கு எந்த விபத்து நேர்ந்தாலும் வீட்டு உரிமையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

ஒன்பதாவது என் கணவர் ராஜன் சொன்னது. கட்டாரிலிருந்து, போனில், மூன்று முறை.

ஜனவரி 11, ஞாயிறு

ந.பா. வந்தார். பிளேன்டீ, சீனி குறைவாக. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். கலவையில் ஒரு திருத்தம். சரியான திருத்தம்தான். ஒன்பதில் விரல் நின்றது.

"இந்த வரி ஈந்தா நான் சைன் வைக்க மாட்டேன் மிஸ்."

"எல்லா எக்ரிமென்ட்லயும் இருக்கிறதுதானே பாஸ்."

"ஓ. அதுலயும் ஈந்துச்சி."

அது என்றால், போன வருடம் பேராதனைப் பக்கம் கட்டிய வீடு. சாரம் சரிந்து அவர் தம்பி விழுந்திருக்கிறார். வீட்டுக்காரரின் வான் வண்டி வாசலிலேயே நின்றதாம். எடுக்கவில்லை. த்ரீவீல் வரும்வரை மணல் குவியலில் படுக்க வைத்திருந்தார்களாம். இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

"அந்த மனுசன் கெட்டவர் இல்ல மிஸ். வண்டில ஏத்தினா பொறுப்பெடுத்த மாதிரி ஆயிரும்னு பயந்துட்டார். பேப்பர்ல வேற மாதிரி எழுதி ஈந்தா ஏத்தியிருப்பார்."

தாளை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். கோபமாகத் தெரியவில்லை.

ஜனவரி 12, திங்கள்

ராஜனிடம் சொன்னேன்.

"ஊர்ல வேற பாஸே இல்லையா? நாம என்ன கம்பெனியா? நாளைக்குக் கேஸ் போட்டா இந்த வீடே போயிரும்."

அவர் சொல்வதும் பொய்யில்லை. பதினோரு வருடமாக அங்கே கட்டட வேலை. இந்த வீட்டில் அவர் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது.

மத்தியானம் இன்னொரு பாஸிடம் தாளைக் காட்டினேன். வாசிக்கவில்லை. எங்கே சைன் வைக்க வேண்டும் என்று கேட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினார். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 14, புதன்

அரை நாள் லீவு. பச்சரிசி, சர்க்கரை, கரும்பு. கரும்பு நன்றாக இல்லை. பையோடு, காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு அம்மாவிடம் போனேன்.

"காணி உறுதி யார் பேர்ல?"

"என் பேர்ல."

"அப்ப சைன் வைக்கப் போறது நீங்க. ஒன்பதாவது உங்களுக்குச் சரியா படுதா?"

என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வரி இருந்தால் மட்டும் கேஸ் வராது என்று சொல்ல முடியாதாம். காப்புறுதி எடுக்கச் சொன்னார்.

அங்கேயே மாற்றி எழுதினேன். வேலை தொடங்கும் முன் எல்லா ஆட்களுக்கும் விபத்துக் காப்புறுதி, செலவு இருவருக்கும் பாதிப் பாதி. யாராவது விழுந்தால் முதலில் ஆஸ்பத்திரி. வாகனத்துக்கு வீட்டு உரிமையாளர் பொறுப்பு.

'பொறுப்பு' என்ற இடத்தில் கை கொஞ்சம் நின்றது.

ராஜனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 17, சனி

சைன் வைத்தாயிற்று. ந.பா. பழைய வரிகளையும் மறுபடி முழுக்க வாசித்தார். சாட்சிக்கு என் பக்கம் தபாலகத்து மாலினி, அவர் பக்கம் மச்சான். பேனாவை எடுத்தவர் திரும்ப வைத்தார்.

"எனக்கும் ஒரு வரி போடுங்க மிஸ். ஈரமா ஈக்குற சாரத்துல நான் ஆள் ஏத்தக் கூடாது."

ஓரத்தில் எழுதினேன். இரண்டு பேரும் பக்கத்தில் சுருக்கொப்பம்.

படம் எடுத்து ராஜனுக்கு அனுப்பினேன். பார்த்திருக்கிறார். பதில் இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

உடுப்புத் துவைத்தேன். வெயில் நல்லது. பதினொரு மணிக்கு ராஜன். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன். "உறுதி என் பேர்ல" என்பது வரை பதில்களை வரிசையாக வைத்திருந்தேன்.

"ஒன்பதை வாசிச்சேன்" என்றார்.

அவருக்குப் பின்னால் ஏதோ மெஷின் சத்தம்.

"இங்க வேலைக்குச் சேர நான் சைன் வச்ச பேப்பர நேத்து ஒருத்தர்கிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னேன். அரபில இருக்கில்ல. இத்தன வருசம் வாசிச்சதே இல்ல. நீ முதல்ல எழுதியிருந்த ஒன்பதாவது வரிதான் அதுலயும் இருக்காம்."

வைத்திருந்த எதையும் சொல்லவில்லை.

"இப்ப எத்தனாவது மாடில வேல செய்றீங்க?" என்றேன். இதுவரை கேட்டதில்லை.

"பதினாலு" என்றார்.