எலுமிச்சைத் தொட்டிக்குத் தண்ணீர்

வேலைக்குக் கிளம்பும் முன் அவள் பால்கனியில் இருந்த எலுமிச்சைச் செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்துப் பார்த்தாள். வேரெல்லாம் கறுத்து, கொழகொழத்து, நாறியது. இறந்துபோன மகள் தன் கையால் விதை போட்டு முளைக்கவைத்த செடி அது.

"நீ கவனிக்கிறதே இல்ல, அதான் வாடுது" என்று நேற்றுகூட வழக்கம்போல் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கணவர் கத்தினார். செடி நர்சரியில் வேலை பார்ப்பவளுக்குக் காரணம் இப்போது புரிந்துவிட்டது. செடியை மறுபடி மண்ணில் நிறுத்திவிட்டு, மதியம் வீடு திரும்பும் அவருக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள்.

"சாப்பாடு மேசைமேல மூடி வெச்சிருக்கேன். மூணு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், மாடி சாவி ஆணியில மாட்டியிருக்கு. எலுமிச்சைக்கு இனி தண்ணி ஊத்தாதீங்க."

உங்களால்தான் செத்தது என்று எழுதக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடியில் நுணுக்கி எழுதினாள்.

"வேரும் மூச்சு விடணுங்க. மண்ணுல எப்பவும் தண்ணி நின்னா அழுகிடும். அழுகின வேரால தண்ணிய இழுக்க முடியாது. அப்போ இலை தாகத்துல வாடுற மாதிரியேதான் தொங்கும். பாக்குற யாருக்கும் இன்னும் ஊத்தத்தான் தோணும். தினமும் நீங்க போனப்புறம் நானும் ஊத்தினேன்."

கடைசி வரி பொய். மகள் போனதிலிருந்து அவள் அந்தத் தொட்டிப் பக்கமே போனதில்லை.

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் இன்னொன்றைச் சேர்த்தாள்.

"மனசு கேக்கலன்னா ஊத்துங்க. இனிமே அதுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல."