தொப்பி போட்ட கொடும்பாவி

சார்,

இன்று காலை பக்கத்து நிலத்தில் அறுப்பு முடிந்த நெல் தாளைக் கொளுத்தினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நின்றிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் போனில் சொன்ன அன்றைக்கு வராத அழுகை, இந்தப் புகைக்கு வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு புகைபோக்கிகூட எழும்பாத காலம் அது. எங்கள் களத்து மேட்டில் இடம் கேட்டு வந்தீர்கள். என்னைவிட இளையவர், என்னை அண்ணே என்றீர்கள். ஒரு கொட்டகை போட்டு, பக்கத்தில் கம்பம் நட்டீர்கள். அதில் இரண்டு கண்ணாடி மூடிகள். ஒன்று வானத்தைப் பார்த்து, ஒன்று மண்ணைப் பார்த்து. உள்ளே கறுப்புத் தகடு. அது எவ்வளவு சூடேறுகிறது என்பதை வைத்து, மேலிருந்து வரும் வெயில் எவ்வளவு, மண் திருப்பி அனுப்புவது எவ்வளவு என்று பார்ப்பீர்கள். அப்புறம் சூரியன் நிற்கும் உயரத்தை வைத்து, வந்திருக்க வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போடுவீர்கள்.

"வர வேண்டியது ஒண்ணு, வந்தது ஒண்ணு. நடுவுல காத்து எவ்வளவு தின்னுச்சு? அதைக் கண்டுபிடிக்கிறதுதாண்ணே என் பொழப்பு" என்று சிரித்தீர்கள். தினமும் காலையில் அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பது என் வேலை.

மேகம் வந்தால் கணக்கு கெட்டுவிடும் என்பீர்கள். வெறும் காற்று தின்பது முதலில் தெரிய வேண்டும். மேகத்தை அப்புறம்தான் சேர்க்க முடியும். அதற்குத் துளி மேகமில்லாத நாட்கள் நிறைய வேண்டும். அதை டீக்கடையில், அத்தனை பேர் காதுபட, நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம்.

அந்த வருஷம் நீங்கள் கேட்டது எல்லாம் கிடைத்தது. ஐப்பசி முழுக்க நீல வானம். ஏரி பாளம் பாளமாக வெடித்தது. நாற்று நட முடியாமல் நாற்றங்காலிலேயே மஞ்சளாகிப் படுத்தது. என் பெரியப்பா மகன் முனிரத்தினம் களத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னாடா, உங்க சாரு மேகம் வாணாம்னு கண்ணாடி வச்சிக்கினு குந்தினுகீறாரு. நீ பளபளன்னு தொடச்சு உடுற. வானம் எங்கேர்ந்து இருட்டும்?"

"அது வெயில அளக்குதுண்ணே. மேகத்தத் தொரத்தாது."

"உன் நாத்து மட்டும் பச்சையா கீதா? அதுவுந்தான சாவுது. அப்பறம் யாருக்குடா நீ வக்கீலு?"

அன்று சாயந்திரம் உங்களிடம் வந்து, மழை எப்போது சார் என்றேன்.

"தெரியலைண்ணே. இந்தக் கணக்கெல்லாம் சரியா வந்தா, ஒரு காலத்துல மழைய முன்னாடியே சொல்லலாம்."

"எந்தக் காலத்துல சார்?"

"நம்ம காலத்துல வருமான்னு தெரியல."

அதற்குப் பிறகு வானம் தெளிவாக விடிந்தால் 'நல்ல நாள்ணே' என்று சொல்வதை நிறுத்திவிட்டீர்கள்.

மழை பொய்த்தால் எங்கள் பக்கம் கொடும்பாவி கட்டுவோம். வானத்தைப் பூட்டி வைத்த பாவி என்று வைக்கோலில் ஓர் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துப் போய், ஒப்பாரி வைத்து, பிணத்துக்குச் செய்வதெல்லாம் செய்து கொளுத்துவோம். அந்தத் தடவை கொடும்பாவியின் தலையில் உங்கள் வெயில் தொப்பி இருந்தது. எவனோ உங்கள் கொட்டகை ஆணியிலிருந்து எடுத்துப் போயிருக்கிறான். நேரே களத்து மேட்டுக்கே இழுத்து வந்தார்கள்.

"வெயில அளந்த மவராசா, மழைய எங்க வச்சுட்டுப் போன" என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

கொள்ளி வைக்க வந்தவர் தொப்பியைப் பார்த்தார், கண்ணாடி பக்கத்தில் நின்ற உங்களைப் பார்த்தார். "ஆளு உசுரோட நிக்கசொல்ல எப்பிடிப்பா வெக்கறது?" என்று கையை இறக்கினார்.

நீங்கள் நடந்து வந்து கை நீட்டினீர்கள். "குடுங்க. என் தொப்பிதானே. நானே வைக்கிறேன்."

சிரிப்பு நின்றுபோனது. நீங்கள்தான் வைத்தீர்கள். காற்று திரும்பி, புகை கம்பத்தை மூடியது. "சார், கண்ணாடி" என்று துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"உடுங்கண்ணே. இன்னிக்குக் கணக்கு வேணாம்" என்றீர்கள். ஊரோடு ஊராக நின்று கடல் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முனிரத்தினம் உங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இருட்டும்வரை நின்றோம். ஒன்றும் வரவில்லை.

கார்த்திகையிலும் வரவில்லை. காளைகளை ஊத்துக்கோட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனேன், அடிமாட்டுக்காரன்தான் கிடைத்தான். பெட்டிகளோடு நீங்கள் ரயில் ஏறிய அன்று, ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "மழை வந்தா எனக்கும் சேத்து நனைங்கண்ணே."

வந்தது சார், அடுத்த வருஷம். களத்து மேட்டில் நின்று நனைந்தேன். ஏர் கட்ட மாடில்லாத நிலத்தில் அது பாட்டுக்குப் பெய்துவிட்டு ஓடியது. பிறகு அந்த நிலமும் போய், அதன்மேல் எழுந்த இரும்புக் கம்பெனியில் உலைக்கு முன்னால் நின்றேன்.

இப்போதும் முதல் மழைக்கு வாசலில் இறங்கிவிடுகிறேன். இந்த வயதில் ஜுரம் வரும் என்று மருமகள் கத்துகிறாள். இதை எழுதும்போதும் முறைக்கிறாள். கொஞ்ச நேரம் எனக்காக நிற்பேன். அப்போதெல்லாம் அந்தக் காளைகள் திரும்பிப் பார்த்ததுதான் கண்ணில் வரும், தாங்க முடியாது. உடனே உங்கள் பங்குக்கு நிற்க ஆரம்பித்துவிடுவேன்.