ஆணியில் இல்லாத தொப்பி

விஸ்கான்சின்,
டிசம்பர் 14

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அறுபத்திரண்டு மாடுகளும் நலம், அலாஸ்கா குளிரில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். எழுதிப் பழக்கமில்லாத அப்பன் திடீரென்று எழுதுகிறானே என்று பயப்படாதே, போனில் சொன்னால் பாதியில் குரல் போய்விடும் என்றுதான் பேனாவை எடுத்தேன். போன வாரம் வீடியோவில் அம்மாவின் புருவத்தில் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாய், பூனை பிறாண்டிவிட்டது என்றாள். பூனை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான்.

இந்தக் குளிருக்கு ஸ்டார்லிங் பறவைகள் நூற்றுக்கணக்கில் கொட்டகைக்குள் புகுந்து தீவனம் முழுக்க எச்சம் போட்டு நாசமாக்குவது உனக்குத் தெரியாததில்லை, வலை கட்டியும் இடுக்கில் நுழைந்துவிடுகின்றன. அதனால் ஏர்கன்னை எடுத்தேன். வழக்கம்போல மாடுகளை வெளியே ஓட்டிவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வைக்கோல் கட்டுகளை அடுக்கி அவற்றுக்கு முன்னால் வந்து உட்காருகிறவற்றை மட்டும் சுட்டேன், ரவை வைக்கோலில் புதைந்துவிடும். தகைவிலான் குருவிகள் விட்டுப்போன கூடுகளைத் தொடவில்லை, வசந்தத்தில் அவை திரும்பி வரும். ஆனால் ஒன்றை மறந்தேன். சுடும்போது கதவு ஆணியில் உன் ஆரஞ்சுத் தொப்பியைத் தொங்கவிடுவோமே, உன் முதல் மான் வேட்டைக்கு நீ போட்டுக்கொண்ட தொப்பி, அது தொங்கினால் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது நீயே போட்ட சட்டம். நவம்பரில் மான் வேட்டைப் பருவம் வந்ததும், மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடக்கூடாது என்று ஊரே ஆரஞ்சு போடுமே, அதற்காக அதை எடுத்து என் தலையில் மாட்டினேன். பருவம் முடிந்து ஊரே தொப்பியைக் கழற்றியாயிற்று, நான் மட்டும் கழற்றவில்லை. காது குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை, நீ இல்லாத வீட்டில் அது தலையில் இருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

அன்று ஒரு பறவை பால் குழாய் மேல் உட்கார்ந்தது. பின்னால் வைக்கோல் இல்லை, இரும்புத் தூண். எனக்கே தெரியும், ஆனாலும் கை துறுதுறுத்தது, சுட்டுவிட்டேன். அதே நேரம் அம்மா காபியோடு கதவைத் திறந்தாள், ஆணி வெறுமையாக இருந்ததால் நான் தீவனம் அள்ளுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். ரவை தூணில் பட்டுத் திரும்பி அவள் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. கண்ணுக்கும் அதற்கும் ஒரு விரல் அகலம்கூட இல்லை. தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கிக் காயத்தில் அழுத்தினேன். அவளோ தரையைப் பார்த்து, ஒரு குருவியும் விழல, காபி மட்டும் போச்சு, நல்லா சுடுற போ என்றாள். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்து, ஆணியில இருக்க வேண்டியது உன் தலையில என்ன பண்ணுச்சு கிழவா என்று கேட்டாள். அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் மூன்று தையல் போட்டு, பார்வைக்கு ஒன்றுமில்லை என்றார். திரும்பி வரும்போது வண்டியை அவள் ஓட்டினாள், நான் அழுதுகொண்டு வந்தேன்.

இப்போது ஒரு வாளி மூடிக்கு ஆரஞ்சுப் பெயிண்ட் அடித்துக் கதவில் சங்கிலி போட்டு மாட்டியிருக்கிறேன், உள்பக்கம் தாழ்ப்பாளும் வைத்தாயிற்று. இதைத் தலையில மாட்ட முடியாதுல்ல என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள். துப்பாக்கி அலமாரியில் பூட்டியிருக்கிறது, சாவி அவளிடம், எப்போது தருவாள் என்று நானும் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு, கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அடுத்த முறை பேசும்போது பூனையைக் கொஞ்சம் நல்லபடியாக விசாரி. தொப்பியை இதோடு அனுப்புகிறேன், அது உன் தலையில்தான் இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு கறை இருக்கும், மூன்று முறை துவைத்தும் போகவில்லை. கேட்டால் அம்மா காபி என்பாள்.

உன் அப்பா,
வெண்டல்