சனிக்கிழமை வேலையும் வாடாத கிரீடமும்

ஆகஸ்ட் 9, சனி

விடியலிலேயே காற்று. ஆடி முடிய இன்னும் ஒரு வாரம். விளாங்குடி முழுவதும் புழுதி. 4.50க்கு எழுந்தேன். ச. வே. 5.10 முதல் 5.50 வரை. குறைவின்றி முடிந்தது. இடது முழங்கால் பரவாயில்லை.

பகலில் செய்தவை: மாடிக் கொடிக்கயிறு மாற்றியது. புதன் வகுப்புக்குக் குறிப்பெடுத்தது (பாடம் 3: விசுவாசிகளின் பலன்). சபை ஆண்டு விழா அழைப்பிதழில் ஆராதனை நேரம் ஓரிடத்தில் 9, இன்னோரிடத்தில் 9.30. அச்சகத்துடன் தொலைபேசியில் பேசித் திருத்தச் சொன்னேன்.

சாந்தி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். நன்று.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் சபைக் குழுக் கூட்டம். ஒன்பது பேர். ஆண்டு விழா வரும் ஞாயிறு. பந்தல் முடிவாயிற்று, விருந்து முடிவாயிற்று. கலையும் நேரத்தில் பொருளாளர் ஜெபராஜ் எழுந்தார். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், குரலும் அதற்கேற்றது.

"நம்ம செல்லத்துரை அண்ணனுக்கு ஒரு பொன்னாடை போத்தணும்யா. எந்தச் சபைக்குப் போனாலும் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் பின்பக்கம் போக வேண்டியிருக்கு. நம்ம கக்கூஸ்ல உக்காந்து சாப்பிடலாம்."

போதகர்: "சாப்பிட வேணாம் ஜெபராஜ். பொன்னாடை போத்துவோம்."

ஒருமனதாக நிறைவேறியது. வாழ்த்து மடல் எழுதி வாசிக்க வேண்டியவர் செயலாளர். அதாவது நான்.

செல்லத்துரை எங்கள் ஆலய ஊழியர். வயது ஐம்பத்தெட்டு. மணி அடிப்பது, பெருக்குவது, பூட்டுவது அவர் பொறுப்பு. வெளியே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவரை அழைத்துச் சொன்னார்கள். "எனக்கா?" என்றார்.

ச. வே. என்பதை ஆறு ஆண்டுகளாக இரண்டெழுத்தாகவே எழுதிவந்திருக்கிறேன். இன்று ஒருமுறை விரித்து எழுதாமல் சிந்திக்க இயலவில்லை. சனிக்கிழமை வேலை. ஆலயத்தின் பின்புறமுள்ள நான்கு கழிப்பறைகளைத் தேய்த்துக் கழுவுவது. செல்லத்துரை குடலிறக்க அறுவைக்குப் படுத்திருந்தபோது தொடங்கினேன். அவர் திரும்பிய பிறகும் விடவில்லை. செயலாளர் என்பதால் பின்வாசல் சாவி என்னிடம் உண்டு. பைக் சத்தம் தெருவை எழுப்பும் என்று சைக்கிளில் போகிறேன். எவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. மனிதரிடம் புகழ் வாங்கிவிட்ட வேலைக்கு அங்கே, பரலோகத்தில், பலன் இல்லை.

கர்த்தர் திரும்பி வரும் நாளில் விசுவாசிகள் அவருடைய நியாயாசனத்தின் முன் நிற்பார்கள். இரட்சிப்பு அன்று விசாரிக்கப்படுவதில்லை. வேலை விசாரிக்கப்படும். வைக்கோலாகக் கட்டியதெல்லாம் நெருப்பில் போகும். என் ஐம்பது ஆண்டுகளில் எரியாமல் மிஞ்சும் என்று துணிந்து நான் சொல்லக்கூடியது இந்த நான்கு அறைகள்தான்.

அதை என் கையாலேயே இன்னொருவர் பெயரில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாகமலை மேல் மேகம். மழை இல்லை. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இன்று மறுகூட்டல் விண்ணப்பங்கள், இரண்டு கட்டு. தேநீர் இடைவேளையில் வாழ்த்து மடல் எழுத முயன்றேன்.

முதல் வரைவு: தம் கையால் கழுவினார் என்று. பொய். அடித்தேன்.

இரண்டாவது: செய்தவர் யாரென்று சொல்லாமல் தூய்மையை மட்டும் புகழ்ந்து. நான் என்னையே புகழ்வதாக முடிந்தது. கிழித்தேன்.

வழிகள்:
அ) உண்மையை அறிவிப்பது. ஆறு ஆண்டுப் பலன் போகும். செல்லத்துரையும் தலைகுனிவார்.
ஆ) பொய்யை வாசிப்பது. செயலாளர் சபை முன் பொய் சொல்வது.
இ) காய்ச்சல் என்று படுத்துக்கொள்வது. அதுவும் பொய்.

இரவுச் சாப்பாட்டில் சாந்தி கண்டுபிடித்துவிட்டாள்.

"சோத்துல கைய வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போயிட்டீங்க?"

"வாழ்த்து மடல் அமையல."

"எப்படி அமையும்? செஞ்சவரு ஒருத்தரு, போத்திக்கிறவரு ஒருத்தரு."

நான் நிமிரவில்லை. அவளே தொடர்ந்தாள். "ஆறு வருசமா சனிக்கிழமை லுங்கிக்கு மட்டும் ரெண்டு தடவ சோப்புப் போடுறேன். கோயிலுக்குப் போயிட்டு வாரேங்கிற மனுசன் மேல பினாயில் வாசனை எதுக்கு வரும்?"

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்றதா இருந்தா ஆறு வருசம் ஆகுமா? ரசம் ஊத்தவா?"

யோசித்துப் பார்த்தேன். கணவனும் மனைவியும் ஒரே மாம்சம். ஆகவே அவள் அறிந்தது பிறர் அறிந்ததாகாது. பலன் நிற்கிறது. ரசமும் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

மாலை வகுப்பு, பதினான்கு பேர். அந்த நாளில் பலனாகக் கிடைக்கும் ஐந்து கிரீடங்களையும் வரிசையாகச் சொல்லி, எது யாருக்கு என்று விளக்கினேன்: தன்னை அடக்கி ஓடினவனுக்கு அழிவில்லாதது, சோதனையைச் சகித்தவனுக்கு ஜீவகிரீடம், வருகையை விரும்பிக் காத்திருந்தவனுக்கு நீதியின் கிரீடம், ஆத்துமாக்களைக் கொண்டுவந்தவனுக்கு மகிழ்ச்சியின் கிரீடம், மந்தையை மனமுவந்து மேய்த்தவனுக்கு வாடாதது.

தையற்கடை ரோஸி அக்கா: "அஞ்சும் கெடைச்சா ஒரே தலைல எப்படித் தம்பி வைக்கிறது?"

ஜெபராஜ்: "மொதல்ல ஒண்ணுக்கு வழியப் பாருங்கக்கா."

அணிந்துகொள்வதற்கு அல்ல, பரலோகத்தில் மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைக் கழற்றிச் சிங்காசனத்தின் முன் வைக்கிறார்கள் என்றேன்.

"திருப்பிக் குடுக்கிறதுக்கா இம்புட்டுப் பாடு?"

"வெறுங்கையோட போய் நிக்காம இருக்கிறதுக்கு," என்று சொன்னேன். குறிப்பில் இல்லாத வரி. தானாக வந்தது. வெகுநேரம் அதை நினைத்து மகிழ்ந்தேன்.

இறுதியில் விதியைச் சொன்னேன்: இங்கே மனிதரிடம் பெயர் வாங்கினால் அங்கே இல்லை. அப்போது கடைசி வரிசையில், சுவிட்சுப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த செல்லத்துரை கையைத் தூக்கினார். இத்தனை ஆண்டுகளில் வகுப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"சார், செய்யாத வேலைக்குப் பேரு வாங்குனா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அது இந்தப் பாடத்துல இல்லண்ணே," என்றேன். கோழைத்தனமான பதில். பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. அலுவலகத்தில் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். 11க்கு வீடு. கடும் வெயில்.

மாலை 4க்கு செல்லத்துரை வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொன்னாடைய நிறுத்திருங்க சார். அந்த வேலைய நான் செய்யல. வேற ஆளு செய்யிறாரு."

"யாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். "நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேக்காதீங்க. அந்த ஆளு ஏதோ நேந்துக்கிட்டுச் செய்யிறாரு. மொதத் தடவ பாத்தப்ப எனக்குக் கூச்சமாப் போச்சு. ஓடிப்போய் வெளக்கமாத்தப் புடுங்கலாம்னு பாத்தேன். அப்புறம், மறைஞ்சு வார மனுசன எதுக்குக் காட்டிக்குடுக்கணும்னு விட்டுட்டேன். சனிக்கெழம அவரு முடிச்சுட்டுப் போற வரைக்கும் முக்கு டீக்கடையிலதான் உக்காந்திருப்பேன்."

"ஆறு வருசமாவா?"

"ஆமா. வெள்ளிக்கெழம சாயங்காலமே தொட்டிய ரொப்பிருவேன். விடியக்காலம் மோட்டாரப் போட்டா அக்கம்பக்கம் முழிச்சுக்கிரும். அந்த ஆளு வாரது தெரிஞ்சுபோகும்ல."

"போர் வத்துன வருசம் என்ன செஞ்சீங்க?"

"அது மூணு மாசந்தான சார். தெருக்குழாயில புடிச்சு ஏணில ஏத்துனேன். இருபது கொடம் ஊத்துனா நாலு ரூமுக்கும் பத்தும்."

அறுவை செய்த உடம்பு.

அவர் தொடர்ந்தார். "இப்ப நான் பொன்னாடைய வாங்குனா பொய்யி. உள்ளதச் சொன்னா அந்த ஆளுக்கு அங்க கெடைக்க வேண்டியது போயிரும்னு நீங்களே புதன்கெழம சொன்னீங்க. அதான் நிறுத்திருங்கன்னு வந்தேன்."

சாந்தி டீ கொண்டுவந்தாள். பாதி டீயில் மீதியைச் சொன்னார். மகள் ஜெயாவை அவனியாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவளுடைய மாமியார், உங்கப்பனுக்கு மணியடிக்கிறதைத் தவிர என்ன தெரியும் என்று எந்நேரமும் குத்திக்காட்டுகிறார். பொன்னாடைச் செய்தி கேட்ட அன்றே, சந்தோஷத்தில் இவர் மகளுக்குப் போன் செய்துவிட்டார். "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். ஞாயித்துக்கெழம அம்புட்டுப் பேரும் வாராக. வந்தா வெறும் கையத்தான் பாத்துட்டுப் போவாக."

"தண்ணி ஏத்துனது நீங்கதானே. அத எழுதுறேன். அதுக்கு வாங்கிக்கிறீங்களா?"

"அது ஒரு வேலையா சார்?"

விதியையும் மறைக்காமல் சொன்னேன். அதுவும் இதுவரை மறைவில் செய்தது. சபை முன் வாசித்தால் அதன் பலன் இங்கேயே முடிந்துவிடலாம். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் அதிகம் யோசிக்கவில்லை. "அங்க எனக்கு என்ன சார் கொறை வந்துரப்போகுது? இங்கதான எம்மகளுக்கு மாமியா இருக்கு."

ஆகஸ்ட் 16, சனி

ச. வே. 5.10. இன்று முதல் வேலையாகத் தொட்டியைப் பார்த்தேன். விளிம்புவரை தண்ணீர். ஏணியில் மூன்றாவது படி கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. ஆறு ஆண்டுகள் குழாயைத் திறந்திருக்கிறேன். நிமிர்ந்து பார்த்ததில்லை.

வீடு திரும்பி, போர் வற்றிய வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று, என் கையெழுத்து: ‘ச. வே. ஊரெங்கும் தண்ணீர்த் தட்டுப்பாடு. ஆலயத் தொட்டியில் கிருபையால் குறைவில்லை.’

கிருபை என்றதில் பிழையில்லை. அதற்கு ஓர் ஏணியும் இருபது குடமும் தேவைப்பட்டிருக்கின்றன.

என் வேலையை அறிந்தவர்கள்: கர்த்தர், சாந்தி, செ. து. மறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இவர்கள் எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்த திரை. நெருப்பில் மிஞ்சும் என்று நான் எண்ணிய நான்கு அறைகளில் தண்ணீர் அவருடையது. இதில் எனக்கு வருத்தம் வர வேண்டும். வரவில்லை. இட்லி ஆறு சாப்பிட்டேன்.

வாழ்த்து மடல் அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரு பக்கம். பொய் ஏதுமில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காற்றில் பந்தல் ஒருபுறம் சாய்ந்து, ஜெபராஜ் கடையிலிருந்து கம்பி கொண்டுவந்து கட்டினார். ஆராதனை சரியாக 9.30.

சம்பந்தி அம்மா இரண்டாம் வரிசை. அரக்குப் பட்டுச் சேலை, மடியில் கைப்பை. அருகே ஜெயா, கண்ணைத் தூக்காமல்.

வாசித்தேன். மணி ஒருநாளும் தவறியதில்லை என்பது முதல் பத்தி. வெள்ளிதோறும் தொட்டி நிரம்பியிருந்தது என்பது இரண்டாம் பத்தி. போர் வற்றிய மூன்று மாதம், தெருக்குழாயிலிருந்து வாரந்தோறும் இருபது குடம், ஒடிந்த படியுள்ள ஏணியில், அறுவை செய்த வயிற்றோடு, ஒருவரிடமும் சொல்லாமல்.

அந்த இடத்தில் சம்பந்தி அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்கே கேட்டது: "இருபது கொடமா? ஏணிலயா? இத நம்ம கிட்டச் சொல்லவே இல்லயே இந்த மனுசன்."

போதகர் பொன்னாடை போர்த்தினார். பச்சைச் சரிகை. செல்லத்துரை அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் துண்டைப்போல் தோளில் போட்டுக்கொண்டார். கைதட்டல் நெடுநேரம். ஜெயா அழுதாள்.

ஜெபராஜ் என் காதருகே: "அண்ணே, கக்கூஸ் விசயத்த விட்டுட்டீங்களே?"

"தண்ணி இல்லாம அது ஏது ஜெபராஜ்?"

"அதுவும் சரிதான்," என்று பிரியாணி அண்டாவை நோக்கிப் போய்விட்டார்.

பந்தியில் சம்பந்தி அம்மாவுக்கு இலை போட்டார்கள். உட்காரவில்லை. "மொதல்ல எங்க சம்பந்தி உக்காரட்டும்," என்றார். செல்லத்துரை பரிமாறும் வாளியோடு நின்றார். ஜெயா வாளியை வாங்கிக்கொண்டு அப்பாவை உட்காரவைத்தாள்.

என் இலையில் சாந்தி தன் பங்கு முட்டையையும் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்," என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

மாலையில் சிறு தூறல். வகுப்பில் பதினாறு பேர். பாடம் தொடங்குமுன் திருத்தம் ஒன்றைச் சொன்னேன்: புகழைத் தேடிச் செய்தவனுக்கே அந்த விதி. தேடாதவனுடைய வேலையைப் பிறர் சொல்லி வெளிப்படுத்தினால் அவன் பலன் குறையாது. சென்ற வாரம் அவசரப்பட்டுச் சொன்னது என் பிழை.

ரோஸி அக்கா: "அப்ப செல்லத்துரைக்கு ரெண்டு எடத்துலயும் உண்டா?"

"உண்டுக்கா."

சுவிட்சுப் பலகைக்குக் கீழிருந்தவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைத்தார்.

ஆகஸ்ட் 23, சனி

காற்று நின்றிருக்கிறது. ச. வே. 5.10 முதல் 5.50 வரை. தொட்டி நிறைந்திருந்தது. ஏணியில் மூன்றாவது படி புதிது. ஜெபராஜ் கடை மரமாக இருக்கலாம்.

திரும்பும்போது வழக்கமான சந்து வழியை விட்டு முக்கு வழியாக வந்தேன். டீக்கடை பெஞ்சில் செல்லத்துரை. சைக்கிளைக் கண்டதும் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். நானும் நேரே பார்த்துக்கொண்டு மிதித்தேன். இன்றைய பேப்பர் இன்னும் வரவில்லை என்று கடைக்காரர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.